நாற்பதாம் இருக்கை

குர்த்தெனி, புரூத் ஆற்றங்கரை
1947 பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய அக்கா சம்பிராவுக்கு,

ஐந்து ஆண்டுகளாக நான் உங்களுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. இன்று எழுதுவது அன்பினால் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. நம்பவும் வேண்டாம். பசியினால் எழுதுகிறேன்.

இரண்டு கோடைகளாக இங்கே மொல்தாவியாவில் மழை இல்லை. முதற்கோடையில் சோளம் முழங்கால் உயரத்தில் கருகியது. இரண்டாம் கோடையில் முளைக்கவே இல்லை. பசுவை விற்றோம். பிறகு அந்தப் பசுவின் கொட்டகைக் கூரையிலிருந்த பழைய வைக்கோலை இடித்துச் சலித்து வேகவைத்தோம். என் கணவர் இலாரியோன் போருக்குப் போய்த் தோன் ஆற்றங்கரையில் மாண்டதை அறிவீர்கள். வீட்டில் நானும் மகள் வேத்தாவும் மட்டுமே. அவளுக்கு எட்டு வயது. போன வாரம் முதல் அவள் கால்கள் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அந்தக் குழி நெடுநேரம் மூடுவதில்லை. அதன் பொருள் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இங்குள்ள பெண்கள் கம்பளங்களைச் சுமந்து, தொடர்வண்டிக் கூரைமேல் ஏறி, தெற்கே விளைச்சலுள்ள உங்கள் ஒல்தேனியாவுக்கு வந்து, அவற்றைச் சோளத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். என் கம்பளம் திசம்பரிலேயே போய்விட்டது. மாற்றுக்குக் கொடுக்க இனி ஒன்றும் இல்லை. ஆகவே இது வணிகம் அன்று, இரத்தல்.

கேட்பவருக்குக் கொடுக்கப்படும் என்று ஆண்டவர் சொன்னதைச் சிறுவயதில் நாம் இருவரும் கோவிலில் ஒரே பலகையில் நெருங்கி நின்று கேட்டோம். கேட்பது இத்தனை கனமானது என்று அப்போது எவரும் சொல்லவில்லை. 'தாருங்கள்' என்ற ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஒரு மூட்டை மக்காச்சோளம் போதும். உங்கள் மாவு ஆலையின் தரையில் கூட்டித் தள்ளுவதாக இருந்தாலும் சரி.

துதோசியா


வாலேயா மோரி, ஒல்த் ஆற்றங்கரை
பிப்ரவரி 12

துதோசியா,

உன் மடல் கிடைத்தது. ஐந்து ஆண்டு கற்பிக்காத பணிவைப் பசி ஐந்து வாரத்தில் கற்பித்திருக்கிறது.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. என் இலியானா நான்கு வயதில் தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுமுட்டி இறந்தாள். நாற்பதாம் நாள் விருந்தில், ஊரே அமர்ந்திருந்த மேசையருகில், கையில் மெழுகுதிரியோடு உன் மகளுக்கென்று ஒரு சட்டையை நீட்டினேன். இறந்தோர் பெயரால் இங்கே ஒருவர் உடுத்துவதுதான் அங்கே அவர்களுக்கு உடை. இங்கே ஒருவர் உண்பதுதான் அங்கே அவர்களுக்கு உணவு. நம் தாய்ப்பாலோடு ஊறிய வழக்கம் அது. வாங்குகிறவள் நன்றி சொல்ல வேண்டியதில்லை. "உங்க செத்தவங்கள ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொடை போய்ச் சேர்ந்துவிடும்.

நீ என்ன சொன்னாய்? "எடுத்துட்டுப் போக்கா. செத்த பிள்ளையோட சட்டைய எம் பிள்ளை போடாது." நாற்பது பேர் கேட்டார்கள். என் மகள் அன்றிலிருந்து அங்கே அம்மணமாய் நிற்கிறாள்.

இன்னொன்றையும் கேள். அது அவள் போட்ட சட்டை அன்று. அவளுடைய பழந்துணிகளையெல்லாம் நோய்க்கு அஞ்சி எரித்துவிட்டேன். அது நான் புதிதாய்த் தைத்தது. நீ அதன் ஓரத்தையாவது தொட்டிருந்தால் கஞ்சியின் விறைப்பு தெரிந்திருக்கும். நீ தொடவில்லை.

ஆண்டுதோறும் அவள் வளர்ந்திருக்கக்கூடிய அளவுக்கு ஒரு சட்டை தைத்து வைக்கிறேன். செத்தவர் வளர்வதில்லை என்று நம் பங்குக் குரு கெராசிம் சொல்கிறார். அவருக்குப் பிள்ளை இல்லை.

சோளம் தருகிறேன். ஒன்றல்ல, இரண்டு மூட்டை. ஆனால் மார்ச்சு ஒன்பதாம் நாள், நாற்பது மறைசாட்சிகள் திருநாளில், உயிரோடிருக்கும்போதே என் ஆன்மாவுக்காக ஒரு விருந்து வைக்கிறேன். நாற்பது ஏழைகள் அமர்வார்கள். முப்பத்தொன்பது பேரைச் சொல்லிவிட்டேன். நாற்பதாம் இருக்கை உனக்கு. வா. எல்லோரும் பார்க்க என் கையிலிருந்து சட்டையை வாங்கு. அந்த வார்த்தையைச் சொல். கொண்டுபோய் உன் மகளுக்கு உடுத்து.

என் கொடைக்கு ஒரு கை வேண்டும். அது உன் கையாக இருக்க வேண்டும்.

சம்பிரா


குர்த்தெனி
பிப்ரவரி 20

அக்கா,

இதைக் கொண்டுவருபவள் என் பக்கத்து வீட்டு அக்லாயா. திடமானவள், தன் கடைசிக் கம்பளத்தோடு வருகிறாள். அவள் தோளில் ஒரு சிறு மூட்டை ஏற்றிவிடுங்கள். இரண்டு வேண்டாம், அரை மூட்டை போதும். சட்டையையும் அவளிடமே கொடுங்கள். எங்கள் குருவின் முன்னால், ஊர் முழுவதும் கேட்க, நான் அந்த வார்த்தையை நூறு முறை சொல்கிறேன்.

அன்று ஏன் மறுத்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இலியானாவின் தொண்டையில் படர்ந்த வெண்தோலை நான் பார்த்தேன். அவள் சட்டை என்றுதான் நினைத்தேன். வேத்தா என் இடுப்பிலிருந்து அதன் பூவேலையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையைத்தான் தட்டிவிட்டேன். உங்கள் கையை அன்று. சொன்ன சொல் கொடியது. ஐந்து ஆண்டுகளாக அது என் நெஞ்சில் மீன்முள்ளாய்த் தைத்து நிற்கிறது. மன்னியுங்கள்.

ஆனால் நான் வருவது எப்படி? வேத்தாவைக் கூரைமேல் ஏற்றிவந்தால் பனியில் விறைத்துப்போவாள். விட்டுவந்தால் யார் பார்ப்பது? போன வாரம் எங்கள் தெருப் பெண்கள் இருவர் கூரையிலிருந்து உறக்கத்தில் விழுந்தார்கள்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், இரப்பவள் சொல்லக்கூடாததுதான். வலக்கை கொடுப்பதை இடக்கையும் அறியாதபடி கொடுக்கச் சொன்னார் ஆண்டவர். நீங்களோ நாற்பது பேரை அறியச் செய்து கொடுக்கிறீர்கள். உங்கள் சோளம் எனக்குத் தேவைப்படுவதைவிட என் கை உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது. நம் வழக்கத்தில் கொடுப்பவளே பிச்சைக்காரி. அது உங்களுக்கும் தெரியும்; அதனால்தான் இந்தச் சினம்.

வேத்தா இன்னும் வாயில்வரை நடக்கிறாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துதோசியா


வாலேயா மோரி
பிப்ரவரி 28

துதோசியா,

அக்லாயா வந்தாள். அவளுக்கு ஒரு ரொட்டி கொடுத்தேன். நான் கையை விடுமுன்பே அவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். அயலாளுக்கு அத்தனை எளிது.

உனக்கென்று எதையும் அவளிடம் கொடுக்கவில்லை. பார்வையற்றவனிடம் ஆண்டவரே, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் அவன் கூட்டத்தின் நடுவே வாய்திறந்து கேட்கும்வரை கொடுக்கவில்லை. நான் அவரைவிட இரக்கமுள்ளவளாகத் துணியமாட்டேன்.

குரு கெராசிம் இதைக் கேள்விப்பட்டு ஆலைக்கே வந்துவிட்டார்.

"சம்பிராம்மா, புள்ளை கால் வீங்கிக் கெடக்காம். மொதல்ல சோளத்த அனுப்புங்க. விருந்து எங்கயும் ஓடிப்போகாது."

"புள்ளையும் ஓடிப்போகாது, சாமி. அவ அம்மாவுக்குக் கால் இருக்கில்ல."

"இது கொடுக்கிறது இல்லம்மா. கொளுத்துறது."

"போன வருசம் உங்க கோவில் கூரைக்கு நான் கொடுத்தப்போ இப்படிச் சொல்லலையே."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் கை பிச்சைக்காரியின் கை என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். ஐந்து ஆண்டு நீட்டிய கை இது. இன்னும் பத்து நாள் நீட்டும். உன் மகளை அக்லாயாவிடம் விட்டுவிட்டு வா. நாற்பதாம் இருக்கையில் வேறு எவரையும் அமர்த்தமாட்டேன்.

சம்பிரா


குர்த்தெனி
மார்ச்சு 16

சம்பிரா,

வந்தேன், அமர்ந்தேன், சொன்னேன். நீ கேட்டதெல்லாம் உனக்குக் கிடைத்தது. எனக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதுகிறேன்.

முதல் முறை நான் சொன்னபோது, "கடைசில இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாய். இரண்டாம் முறை சொன்னபோது, "மெழுகுதிரிய ஏந்திச் சொல்லு" என்றாய். மூன்றாம் முறை என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மறைசாட்சிகள் நாளுக்கு நாற்பது கோப்பை குடிக்க வேண்டும் என்று உன் கணக்குப்பிள்ளை என் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தான். மூன்று நாள் வெறும் வயிறு. முற்றத்தில் வாந்தியெடுத்தேன். "மொல்தாவியா வயித்துக்கு நம்ம ஊரு ஒயினு ஒத்துக்கலடா" என்று யாரோ சொல்ல, மேசை முழுவதும் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. கையிலிருந்த தேன்ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாய்.

ஒரு மூட்டையை வழியில் ஒரு நிலையத்தில் காவலர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். மற்றதன்மேல் குப்புறப் படுத்து, கயிற்றால் என்னையும் அதையும் கூரைக் கம்பியோடு கட்டிக்கொண்டு வந்தேன். பதினான்காம் நாள் வீடு சேர்ந்தேன். வேத்தா பதினோராம் நாளே இறந்திருந்தாள். எனக்காக அடக்கத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். பனிக்காலம் என்பதால் முடிந்தது.

அக்லாயா சொன்னாள்: "செத்த அன்னைக்குக் காலையில எழுந்து உக்காந்தாடி. 'அம்மா எங்க'ன்னா. 'பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா'ன்னேன். 'அப்போ களி வரும்'னு சொல்லிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா."

மார்ச்சு மூன்றாம் நாள் அக்லாயா எங்களுக்கென்று எதுவும் இல்லாமல் திரும்பியபோது வேத்தா வாயில்வரை நடந்துபோய் எட்டிப் பார்த்தாள். அன்று நீ அனுப்பியிருந்தால் போதும். இதை நான் ஒரு முறைதான் எழுதுவேன்.

சட்டை அளவாக இருந்தது. தோளிலும் கையிலும் ஒரு நூல் மிச்சமில்லை. வேறு நல்ல துணி இல்லாததால் அதையே உடுத்திப் புதைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது: நீ இலியானா பெயரால் கொடுத்தது, நான் வார்த்தை சொல்லி வாங்கியது. அப்படியானால் அங்கே அது இலியானாவின் சட்டை. என் மகள் போய்ச் சேர்ந்ததும் உன் மகள் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டிருப்பாள்.

உன் பிள்ளைக்கு உடை கிடைத்தது, சம்பிரா. இப்போது அம்மணமாய் நிற்பவள் என் பிள்ளை.

துதோசியா


வாலேயா மோரி
மார்ச்சு 27

தங்கச்சி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ அங்கிருந்து புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே சோளத்தை நான் அனுப்பியிருந்தால், என்று எழுதத் தொடங்கினேன். அது பொய். ஒரு நாள் அன்று, மூன்று வாரம். என் முதல் மடலைக் கண்டவுடனே நீ கிளம்பி வந்திருந்தால், என்றும் எழுதப் பார்த்தேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

விருந்தில் நீ குனிந்து வார்த்தை சொன்னபோது என் நெஞ்சு குளிரும் என்று எண்ணியிருந்தேன். குளிரவில்லை. அதனால்தான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அப்போதும் குளிரவில்லை. மூன்றாம் முறை உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

குரு கெராசிமிடம் போய்க் கேட்டேன். "சாமி, அங்க அந்தச் சட்டை யாரோடது?"

அவர், "அங்க யாருக்கும் சட்டை கெடையாதும்மா. சட்டையெல்லாம் நாம இங்க தச்சுக்கிறது" என்றார்.

எனக்கு அந்த விடை பிடிக்கவில்லை. வேறு விடை அவரிடம் இல்லை.

எட்டு மூட்டை கட்டிவைத்திருக்கிறேன். நிபந்தனை இல்லை, வார்த்தை வேண்டாம், எவர் பெயராலும் அன்று. ஆலை வண்டிக்காரன் உன் வாயிலில் இறக்கிவிட்டு ஒரு சொல் பேசாமல் திரும்புவான். ஆம் என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா


குர்த்தெனி
ஏப்ரல் 19

சம்பிரா,

இன்று நாற்பதாம் நாள். உன் மூட்டையிலிருந்து நானும் உண்டேன், மறைக்கவில்லை. ஒவ்வொரு கவளமும் கல்லாய் இறங்கிற்று. மிச்சத்தை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கரைத்து ஊற்றினேன். தெருவில் பதினொரு பிள்ளைகள் எஞ்சியிருக்கிறார்கள். கடைசிப் பிடி மாவில் மரப்பட்டைத் தூள் கலந்து ஒரு வளைய ரொட்டி சுட்டேன். அதை அக்லாயா கொண்டுவருகிறாள். அது என் வேத்தாவின் கொடை. வாங்குகிறவள் நீ.

வேறு எவருக்கும் கொடுத்துவிடாதே. ஏழைக்கும் வேண்டாம், ஏழை நீதான். அக்லாயாவின் முன்னால் நின்று, மெழுகுதிரி பிடித்து, அந்த வார்த்தையைச் சொல். அவளுக்குக் காது மந்தம். மூன்று முறை சொல். பிறகு உண். நீ மென்று விழுங்கும் அளவே வேத்தாவுக்கு அங்கே கிடைக்கும். நீ துப்பினால் அவள் அங்கேயும் பட்டினி.

அவளுடைய தலைத்துணியும் வருகிறது. உனக்குச் சிறியதுதான். ஞாயிறுதோறும் அதைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போ. அவளுக்கு அங்கே தலையாவது மூடியிருக்கட்டும்.

உன் எட்டு மூட்டைகளை அனுப்பாதே. உன் கையிலிருந்து வருவதன் விலை எனக்குத் தெரிந்துவிட்டது.

துதோசியா


வாலேயா மோரி
மே 4

தங்கச்சி,

சொன்னேன். அக்லாயா, "இன்னும் சத்தமாச் சொல்லுங்கம்மா, பெரிய வீட்டுக் குரலு சின்னதா வருது" என்றாள். நான்காம் முறையும் சொன்னேன். ரொட்டியில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒரு துணுக்கும் விடாமல், மேசையில் உதிர்ந்ததை விரலால் ஒற்றியெடுத்து, உண்டேன். தலைத்துணி முடிச்சுக்கு எட்டவில்லை. ஊசி குத்தி நிறுத்தியிருக்கிறேன். ஊர் பார்க்கிறது. பார்க்கட்டும்.

ஆனால் எனக்கு வேறொன்று நேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கோவில் வாயிலில் வழக்கமாக நிற்கும் முடவிக்கு ரொட்டி நீட்டினேன். அவள் கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "உங்க ரொட்டி வேணாம்மா. அதுக்கு ஒரு புள்ளை செத்திருக்கு" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். நாற்பது பேர் அமர்ந்த என் மேசைக்கு இன்று ஒருவரும் வருவதில்லை. பத்தாயம் நிறைந்திருக்கிறது. எலிகள் தின்கின்றன.

என் வாழ்நாளில் எவரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்கத் தெரியவில்லை. மூன்று நாளாக இந்த இடத்திலேயே எழுதுகோல் நிற்கிறது.

வாங்கிக்கொள். கேட்கிறேன், தங்கச்சி. வாங்கிக்கொள்.

சம்பிரா


குர்த்தெனி
மே 11

அக்கா,

பதினொரு பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். இப்போது ஒன்பது. உன் எட்டு மூட்டைகளை வேண்டாம் என்று நான் எழுதிய மடலுக்குப் பிறகு இருவர் போனார்கள். இரண்டாமவனைக் குழியில் இறக்கும்போது அவன் தாய் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மாதான் பார்த்தாள். வேத்தாவைக் கொன்றது உன் பெருமை. அந்த இருவரையும் கொன்றது என் பெருமை. நாம் ஒரே தாயின் மக்கள் என்பதற்கு இனிச் சான்று வேண்டாம்.

ஆகவே வா. இறந்தோரை நினைத்துக் கொடை கொடுக்கும் சனிக்கிழமைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, அதுவரை காத்திருக்காதே. நான் நாள் குறிக்கமாட்டேன். அடுத்த வண்டியில் மூட்டைகளோடு வா.

தெருமுனையில் என் மேசையைப் போட்டுவைக்கிறேன். ஒன்பது பிள்ளைகளும் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் நீ நிற்க வேண்டும். "வாங்கிக்கிறியா?" என்று கேட்க வேண்டும். எனக்கும் அதே வரிசையில் வேலை உண்டு. உனக்குப் பின்னால் கரண்டியோடு நிற்பேன்.

இப்போது நிபந்தனை. அவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மெழுகுதிரி இருக்காது, எவர் பெயரும் உச்சரிக்கப்படாது. நீ கொடுப்பது இலியானாவுக்குப் போகாது. வேத்தாவுக்கும் போகாது. என் மகள் அங்கே பசித்துத்தான் இருப்பாள். உன் மகளுக்கு அடுத்த ஆண்டுச் சட்டை கிடைக்காது. கொடுத்தது அந்த ஒன்பது வயிறுகளோடு நின்றுவிடும்.

இதற்கு நான் உடன்பட்டுவிட்டேன். நீயும் உடன்பட்டால் வா.

துதோசியா